மறுநாள் காலை வரும் வீரன்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வாயைத் திறக்கச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட பல் மருத்துவரே! நீங்கள் சொன்னீர்கள், திறந்துவிட்டேன். வலிக்காமல் முடிப்பது என் பொறுப்பு. மேடையை அலங்கரிக்கும் சங்க நிர்வாகிகளே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகளுக்குத் துணையாக வந்தோம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு முன்பே இடம் பிடித்துவிட்ட தாய்மார்களே! நெஞ்சில் வீரனின் படம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தொந்தி தெரியாமலிருக்க மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கும் தந்தையர்களே! மூச்சை விடுங்கள் ஐயா, பேச்சு கொஞ்சம் நீளம். இவர்கள் அத்தனை பேரையும் பொறுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கும் குழந்தைச் செல்வங்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஒரு செய்தியாளன். தீயைப் பார்த்து எழுதியவன். வெள்ளத்தைப் பார்த்து எழுதியவன். தேர்தல் மேடை சரிந்து, பேச்சாளர் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே பேச்சைத் தொடர்ந்ததைப் பார்த்து எழுதியவன். ஆனால் வங்கிக் கடனும், முதுகுவலியும், வயதுக்கு வந்த பிள்ளைகளும் உள்ள மனிதர்கள் ஒன்றுகூடி ஒரு கார்ட்டூன் தொடருக்கு ஆண்டுவிழா எடுப்பதை இன்றுதான் பார்க்கிறேன். என்ன விழா! என்ன தோரணம்! அதோ, வாசலில் பஞ்சு அடைத்துச் செய்த அந்தப் பெரிய கை! அதைச் செய்தவர் கிரேன் ஓட்டுநர் என்றார்கள். பகலெல்லாம் இரும்புத் தூணைத் தூக்குகிறவர், மாலையில் பஞ்சுக் கையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எது கனம் என்று கேட்டேன். "சார், தூணைப் பாத்து யாரும் சிரிக்கமாட்டாங்க" என்று சொன்னார்.

நான் இங்கே வந்தது பாராட்டுவதற்கு அல்ல. விசாரணை அறிக்கை வாசிப்பதற்கு. ஒரு கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இந்த அறிக்கையில் இருக்கிறது. ஏன் சிரிக்கிறீர்கள்? உண்மையைச் சொல்கிறேன். முன்வரிசையில், நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு, சிரிக்கமாட்டேன் என்ற முடிவோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் நெடுநாள் நண்பர். அச்சகம் நடத்துகிறார். எங்கள் பத்திரிகை அவருடைய இயந்திரத்தில்தான் அச்சானது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் தேடிப்பிடித்த கண்கள் அவை. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டுதான் நான் பேசியாக வேண்டும். ஒலிபெருக்கி அருகே தூணோடு தூணாக நிற்கிறாரே ஓர் இளைஞர், அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் நண்பரின் மகளை மணக்க விரும்புகிறவர். இளைஞர் என்றேன்; முன்தலை என் சொல்லை ஏற்கவில்லை. போகட்டும்.

என்ன, ஒலிபெருக்கி கீச்சிடுகிறதா? கீச்சிடட்டும். கண்ணாடிக்காரரே, நீங்கள் மட்டும் அதைச் சரிசெய்ய வந்துவிடாதீர்கள்! ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் விளங்கும்.

கதைக்கு வருவோம். என் நண்பரின் மகள் எலும்பு முறிவு மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுக்கிறவள். அவளும் கண்ணாடிக்காரரும் விரும்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பெற்றவர்களிடம் பேச அவர் என் நண்பரின் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களிடம் தனித்தனியாக விசாரித்துத்தான் சொல்கிறேன். எல்லோரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றுபட்டார்கள். அந்த இடம் குளியலறை.

அந்த வீட்டுக் குளியலறைக் கதவு ஒரு தனிப்பிறவி. இடக்கையால் கைப்பிடியைத் தூக்கி, வலத்தோளால் இடித்து, முழங்காலால் ஒரு சின்ன உதை. அப்போதுதான் திறக்கும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது பழகிப்போன நடனம். விருந்தாளிக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கைகழுவப் போனவர் திரும்பி வரவில்லை. உள்ளே தடதடவென்று ஒரு சத்தம். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம்.

என் நண்பர் வெளியே நின்று சொல்கிறார்: "தம்பி, கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க!"

உள்ளேயிருந்து: "எதைத் தூக்கணும் சார்?"

"கைப்பிடியை!"

"அது என் கையிலதான் சார் இருக்கு."

மாமனாராகப் போகிறவரோடு ஒருவர் நடத்திய முதல் நீண்ட உரையாடல் இதுதான், பெரியோர்களே! கடைசியில் கதவை இடித்துத் திறந்தார்கள். வந்தவர் வியர்த்துப்போய் நின்றார். எல்லோரும் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றார்கள். நாம் எல்லோரும் சொல்வதுதானே? 'பரவாயில்லை' என்றால் என்ன பொருள்? இனி இதைப் பற்றி வாயைத் திறக்காதே, நானும் மறக்கப் போவதில்லை என்று பொருள்! அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர்கள் அப்படித்தான் முடிப்பார்கள்.

இவர் முடிக்கவில்லை. மறுநாள் காலை வாசலில் மணி அடித்தது. என் நண்பர் வாயில் பல்துலக்கியோடு கதவைத் திறந்தார். கையில் ஒரு பையோடு கண்ணாடிக்காரர்!

"என்ன தம்பி?"

"கதவு சார்."

"பரவாயில்லன்னு நேத்தே சொல்லிட்டேனே."

"சொன்னீங்க சார். அதான் வந்தேன்."

பையில் என்ன இருந்தது? மூக்குக்கண்ணாடிக் காதுக்குச்சியை முடுக்குவார்களே, ஊசி போல ஒரு திருப்புளி, அது இருந்தது! எறும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் அதை வைத்து. கதவுக் கீலில் அதை நுழைத்தார். அது வளைந்தது. அடுத்த வீட்டில் இழைப்புளி வாங்கி வந்து கதவின் ஓரத்தை இழைத்தார், இழைத்தார், பொறுமையோடு இழைத்தார். முடிவில் என்ன ஆயிற்று? அதுவரை திறக்காமலிருந்த கதவு அன்றுமுதல் சாத்தாமலாயிற்று!

அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர் பாடியே ஆகவேண்டும். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். என் நண்பரின் மனைவிக்கு நல்ல குரல், தெருவுக்கு நட்டமில்லை. என் நண்பர் பாடினால்... தாய்மார்களே, எதிர்வீட்டில் குடியிருந்தவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்வி. நண்பா, தலையை ஆட்டாதே, நான் உறுதிப்படுத்தவில்லை, கேள்வி என்றுதான் சொன்னேன்!

அதற்கும் மறுநாள் காலை, மறுபடியும் அதே ஆள், அதே வாசல். இப்போது பெரிய திருப்புளி. என் நண்பர் பொறுமை இழந்தார். "எதுக்கு இப்படி வந்து உயிரை எடுக்கிறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த மனிதர், பொய் சொல்லத் தெரியாத அந்த அப்பாவி, உண்மையைச் சொன்னார்: "பாறைக்கையன்ல இப்படித்தான் சார் வரும்."

"பாறைக்கையனா? யாரு அது?"

"கார்ட்டூன் சார். சனிக்கிழமை சனிக்கிழமை எங்க சங்கத்துல பாப்போம்."

கதவு சாத்தவில்லை, ஆனால் சம்பந்தம் அன்றைக்கே சாத்திக்கொண்டது. என் நண்பர் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "இத்தனை வயசுல பொம்மைப் படம் பாக்கிறான்டா. பாக்கிறது மட்டுமில்ல, அதுல வர்ற மாதிரி நடந்துக்கிறான். நாளைக்கு என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மாடியிலேர்ந்து பறக்கப் போறேன்னு நின்னா? நீதான் ஊரையே விசாரிக்கிறவனாச்சே, போய் விசாரி. கிறுக்கா இல்லையா, ஒரே வரியில சொல்லு" என்றார்.

முதலில் மகளைக் கேட்டேன். "ஏம்மா, உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா?" என்றேன்.

அவள் சொன்னாள்: "மாமா, நாங்க சண்டை போட்டா மறுநாள் காலையில போன் வரும். மன்னிச்சுக்கோ, தங்கம், வைரம்னு எல்லாம் கொஞ்சமாட்டார். 'நேத்து நான் பேசினதுல ஒரு வார்த்தை தப்பு, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கிறேன்'னு சொல்வார்."

"மத்த வார்த்தை எல்லாம்?"

"அதெல்லாம் அப்படியே நிக்கும் மாமா! அதுக்குத் தனியா சண்டை போடணும்."

சரி, சங்கத்தைப் பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை மாலை போனேன். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. படியேறும்போதே ரப்பர் வாசனை. சுவரில் ஒரு வெள்ளை வேட்டி, அதுதான் திரை. முன்னால் பாயில் குழந்தைகள்; பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நீங்கள். உள்ளே நுழைந்ததும் நம் தலைவர் அவர்கள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நீங்கள் யார் என்றா? எங்கிருந்து வருகிறீர்கள் என்றா? "சார், பாறைக்கையன் பல் துலக்கும்போது கை பாறையாயிட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" படித்தவர், பட்டம் பெற்றவர், ஊரில் பாதிப் பேரின் கடைவாயை அறிந்தவர் கேட்கிறார்! இந்த விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

படம் ஓடியது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாறைக்கையன் ஓர் அப்பாவி மனிதன். கோபம் வந்தால் அவனுடைய வலக்கை பாறையாகிவிடும். பச்சை நிறத்தில் வழவழவென்று ஒரு பூதம் வரும். இவன் அடிப்பான். பூதம் விழும், கூடவே ஒரு சுவர் விழும், ஒரு கடை விழும், ஒரு குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும். குழந்தைகள் குதிக்கிறார்கள், கூவுகிறார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் குத்துகிறார்கள். பூதம் ஒழிந்தது. வெற்றி! குழந்தைகள் எழுந்து ஓடிவிட்டார்கள்; அவர்களுக்குப் படம் முடிந்தது.

நானும் எழுந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். இத்தனை ஆண்டு செய்தி தேடியவனின் கண்ணுக்கு அது தப்பவில்லை. குழந்தைகள் போனதும் பெரியவர்கள் எல்லோரும், சொல்லிவைத்தாற்போல, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்!

திரையில் மறுநாள் காலை. பாறைக்கையன் வருகிறான். கையில் சிமெண்டுச் சட்டி. நேற்று உடைத்த சுவரின் முன் நிற்கிறான். இப்போது அவன் கை பாறை அல்ல, வெறும் கை. உடைக்கும்போது உதவிய வல்லமை ஒட்டும்போது உதவாது. செங்கல் விரலில் விழுகிறது, ஊதிக்கொள்கிறான். கொப்புளம் வருகிறது. வீட்டுக்காரி திட்டுகிறாள், தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறான். சுவர் கோணலாக வருகிறது. இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறான். இந்தத் தொடரில் ஒவ்வொரு முறையும் இப்படித்தானாம். கிரேன் ஓட்டுநர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்க்கிறார். நம் தலைவர் வாயைத் திறந்துவிட்டார். யாரும் திறக்கச் சொல்லாமலே!

நான் நண்பரிடம் போனேன். "ஒரே வரியில சொல்ல முடியாது, நீயே வா" என்றேன். வந்தார், அரை மனத்தோடு. சண்டை நடந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். சண்டை முடிந்ததும் குழந்தைகளோடு குழந்தையாக எழுந்து வாசல்வரை போய்விட்டார். செருப்பைத் தேடிக்கொண்டே ஒருமுறை திரும்பித் திரையைப் பார்த்தார். பாறைக்கையன் சுவர் பூசிக்கொண்டிருந்தான். என் நண்பர் நின்றார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. திடீரென்று அறையே அதிரக் கத்தினார்:

"டேய்! தண்ணி அடிக்காம பூசுறானே! காய்ஞ்ச செங்கல்ல சிமெண்டு எப்படிடா பிடிக்கும்?"

அறை முழுவதும் திரும்பியது. கிரேன் ஓட்டுநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அதைத்தான் ஐயா நானும் மொதல்லேர்ந்து கத்துறேன்! இவங்க யாரு கேக்கிறாங்க?"

தலைவர் விடவில்லை. "அவர் அவசரத்துல இருக்காருங்க. அடுத்த சந்துல இன்னும் ரெண்டு சுவர் இருக்கு."

"அவசரம்னா? நாளைக்குப் பேத்துக்கிட்டு விழுந்தா யாரு வர்றது?"

"அவர்தான் வருவார்!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

என் நண்பர் உட்கார்ந்துவிட்டார். மற்றொரு செருப்பையும் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கடையடைக்க வேண்டும் என்று டயர் கடைக்காரர் கத்தும்வரை, சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல் என்று வாதம் நடந்தது. கண்ணாடிக்காரர் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவு விஷயத்தில் பட்டவர் சுவர் விஷயத்தில் வாயைத் திறப்பாரா?

வழியில் நண்பரைக் கேட்டேன்: "என்னப்பா, சம்மதமா?"

"சிமெண்டு வேற, சம்பந்தம் வேற" என்றார். "நீ உன் அறிக்கையைச் சொல்லு. விழாவுல, மேடையில வெச்சு சொல்லு. தனியா கேட்டா என்னைச் சமாதானப்படுத்தப் பாப்பே. நாலு பேர் முன்னால பொய் சொல்லமாட்டே. கேட்டுட்டு அங்கேயே முடிவு சொல்றேன்."

ஆகவே, அன்பர்களே, இதோ அறிக்கை.

வளர்ந்தவர்கள் ஏன் இந்தக் கார்ட்டூனைப் பார்க்கிறார்கள்? வல்லமைக்காகவா? வல்லமை வேண்டுமென்றால் குழந்தைகளோடு எழுந்து போயிருப்பார்களே! வண்ணத்துக்காகவா? வேட்டித் திரையில் என்ன வண்ணம்? வேலை இல்லாததாலா? இந்த மண்டபத்தில் வேலை இல்லாதவர் எவர்? பொறுப்புக்குப் பயந்து பிள்ளைப் பருவத்துக்கு ஓடுகிறார்களா? ஓடுகிறவன் நாற்காலியை முன்னால் இழுப்பானா?

குழந்தைக்கு உடைப்பது புதிது. அதனால் அது உடைப்பதைப் பார்க்கிறது. நமக்கு உடைப்பது புதிதா? நாம் உடைக்காத சுவரா? அலுவலகத்தில் ஒரு சொல்லால் உடைத்தோம். அடுக்களையில் ஒரு பார்வையால் உடைத்தோம். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒரு சிரிப்பால் உடைத்தோம். உடைக்கும்போது நம் எல்லோருக்கும் பாறைக்கைதான்! எங்கிருந்துதான் வருமோ அந்த வல்லமை! மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் வெறும் கை. அந்த வெறும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், நாமும் "பரவாயில்லை" என்று சொல்லி, அவர்களும் "பரவாயில்லை" என்று சொல்லி, கதவைத் தோளால் இடித்தும் காலால் உதைத்தும் காலம் தள்ளுகிறோம்.

என் தொழிலையே பாருங்கள். தீப்பிடித்தால் முதல் பக்கம். மறுநாள் ஒருத்தி துடைப்பத்தோடு சாம்பலைப் பெருக்கினால் எந்தப் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை. தவறு கொட்டை எழுத்தில் வரும். திருத்தம் உள்ளே ஒரு மூலையில், கண்ணாடிக்காரரிடம் புதுக் கண்ணாடி வாங்கினால்தான் தெரியும் அளவில் வரும். என் நண்பருக்குத் தெரியும். அந்தச் சின்ன எழுத்தை அடுக்கியவரே அவர்தான். உலகத்தில் ஒரே ஒரு கதைதான் சண்டைக்குப் பிறகும் விளக்கை அணைக்காமல் நிற்கிறது. மறுநாள் காலையைக் காட்டுகிறது. அதைப் பார்க்கத்தான் இந்த மக்கள், முதுகுவலியோடு, மாடிப்படியேறி, ரப்பர் வாசனையில் உட்காருகிறார்கள். அந்த மறுநாள் காலையைத் திரையில் பார்த்ததோடு விடாமல், நிஜமாகவே கிளம்பி, ஊசித் திருப்புளியோடு உன் வாசலில் வந்து நின்றான் ஒருவன். வேலை தெரியாதவன்தான். கதவைக் கெடுத்தவன்தான். ஆனால் வந்தான். திட்டு வாங்கினான், மறுபடி வந்தான்!

நண்பா, ஒரே வரி கேட்டாய். இதோ ஒரே வரி: கிறுக்குத்தான், ஆனால் உன் பெண்ணை ஒருநாளும் 'பரவாயில்லை' என்று சொல்ல வைக்காத கிறுக்கு.

அறிக்கை முடிந்தது. கைதட்டாதீர்கள், கைதட்டாதீர்கள், அவர் எழுந்திருக்கிறார். என்னப்பா? உரக்கச் சொல், பின்னால் கேட்கவில்லையாம். "நாளைக்குக் காலையில வரட்டும்" என்கிறார்! பொறுங்கள், பொறுங்கள், இன்னும் இருக்கிறதாம். "தனியா கைவைக்க வேணாம். கதவை நான் தூக்கிப் பிடிக்கிறேன், அவன் திருகட்டும். சாத்தினா கல்யாணத் தேதி பேசலாம்."

யாரது, பின்வரிசையில்? கிரேன் ஓட்டுநரா? "சாத்தலைன்னா?" என்று கேட்கிறார். வம்பை விலைக்கு வாங்கும் கேள்வி! என்னப்பா சொல்கிறாய்?

"சாத்தலைன்னாலும் பேசலாம். நாங்க பாடிப் பழகிட்டோம்."

கேட்டீர்களா? கண்ணாடிக்காரரே, தூணை விடுங்கள், அது தானாகவே நிற்கும். போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கண்ணைத் துடைக்க அந்தக் கண்ணாடித் துணி போதாது. என் துண்டைத் தருகிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், தாய்மார்களுக்கும், இப்போது மூச்சை விட்டுவிட்ட தந்தையர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. குழந்தைகளே, சண்டை முடிந்துவிட்டது. நீங்கள் எழுந்து ஓடலாம். பெரியவர்கள் இருங்கள். நாற்காலிகளை அடுக்க வேண்டும், தோரணத்தைக் கழற்ற வேண்டும், மண்டபத்தைப் பெருக்க வேண்டும். ஒரு துடைப்பத்தை எனக்கும் வையுங்கள், இதோ இறங்கி வருகிறேன். வணக்கம்.